வாத்தியாரைக் கேளுங்கள்: கடல் தண்ணீரில் மூழ்கிய முட்டை

போன இதழில் இதே பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். "நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை உப்புத் தண்ணீரில் மிதக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் அதற்கு உப்புகூட வாங்க வேண்டாம், கடல் பக்கத்திலேயே கிடக்கிறது." போகிற போக்கில் எழுதியது. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை ஊருக்கு ஒரு பிள்ளையாவது முட்டையும் கையுமாகக் கடற்கரைக்குப் போயிருக்கும் போலிருக்கிறது. அதனால் இந்த மாதம் முழுக்க மிதப்பதும் மூழ்குவதும்தான். இடி மின்னல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, தங்கச்சிமடம்:
"ஐயா, நீங்கள் எழுதியதை நம்பிக் கடல் தண்ணீரை வாளியில் மொண்டு முட்டையை விட்டேன். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று முட்டை போட்டுப் பார்த்தேன், மூன்றும் அப்படித்தான். அம்மா திட்டினார்கள். தப்பு யார் மேல்?"

என் மேல்தான் தாயி. அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிடு.

முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தினேன். இந்த முட்டைச் சோதனையை வருஷா வருஷம் செய்து காட்டினேன். கண்ணாடிக் குவளையில் குழாய்த் தண்ணீர், கைப்பிடி கைப்பிடியாகப் பொடியுப்பு, கலக்கக் கலக்க முட்டை மேலே வரும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற வகுப்பறை அது. ஒரு நாளாவது அந்தக் கடல் தண்ணீரை ஒரு வாளி கொண்டுவரச் சொல்லிச் செய்ததுண்டா? இல்லை. உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் மண்டபத்தில் வடகடல் பக்கம் ஒரு முட்டையோடு போனேன். மூழ்கியது. மறுநாள் தென்கடல் பக்கம் போனேன். அங்கேயும் மூழ்கியது.

இப்போது கணக்கைப் பார். நடுத்தரமான புது முட்டை ஒன்று 55 கிராம் இருக்கிறது என்று வை. அது ஏறக்குறைய 51 மில்லி இடத்தை அடைக்கும். முட்டை உள்ளே போனால் 51 மில்லி தண்ணீர் விலக வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் அதன் எடை 51 கிராம். கடல் தண்ணீர் லிட்டருக்கு 1,025 கிராம், ஆகவே சுமார் 52 கிராம். முட்டையோ 55. மூன்று கிராமுக்கும் குறைவான வித்தியாசத்தில் உன் முட்டை தோற்றுப் போயிருக்கிறது.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்குத்தான் உப்பு. வாயில் வைத்தால் தாங்காது, ஆனால் முட்டையைத் தூக்க அது பற்றாது. ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரில் 120 கிராம் போல உப்பைக் கரைத்தால்தான் புது முட்டை எழும்பும். வாலிநோக்கம் உப்பளத்தில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பார். பாத்தியில் தண்ணீர் வெயிலில் சுண்டச் சுண்ட, ஒரு கண்ணாடி மானியை உள்ளே விட்டு 'இத்தனை டிகிரி' என்று பார்ப்பார்கள். கடலிலிருந்து ஏற்றும்போது மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். உப்பு பூக்கத் தொடங்குவது 25 டிகிரி வாக்கில். அப்போது ஒரு லிட்டர் தண்ணீர் 1,200 கிராமுக்கு மேல் எடை. உன் முட்டை பதினோரு டிகிரியிலேயே மிதந்துவிடும். அந்தக் கண்ணாடி மானியும் மிதக்கிற சாமான்தான். தண்ணீர் கனமாக ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பும், எந்தக் கோடு வரை முங்கியிருக்கிறது என்று படிக்க வேண்டியதுதான். பால் சொசைட்டியில் பாலில் விட்டுப் பார்ப்பதும் இதன் தம்பி.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாள்பட்ட முட்டையை வைத்துச் செய்யாதே. ஓட்டின் துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாகிவிடும். அளவு அதேதான், எடை குறைந்துவிடும். அழுகும் நிலைக்கு வந்த முட்டை குழாய்த் தண்ணீரிலேயே மிதக்கும். கடைக்காரர் கொடுத்த முட்டையைச் சோதிக்க நம் வீட்டுப் பெண்கள் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது அதனால்தான்.

அதே மாணவி, கடிதத்தின் பின்பக்கத்தில்:
"தள்ளப்பட்ட தண்ணீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கி வரும் என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஏன் வர வேண்டும் என்றுதான் புரியவில்லை."

மார்க் வாங்க முதல் வரி போதும். நீ இரண்டாவது வரியைக் கேட்டதற்கு உனக்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன்.

காற்று இல்லாத நாளில் ஓலைக்குடா மாதிரி ஓர் அமைதியான கரையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாய் என்று வை. தண்ணீருக்குள் ஒரு முட்டையின் உருவத்தை மனசாலே வரைந்துகொள். அந்தக் கோட்டுக்குள் இருப்பதும் தண்ணீர்தான். முட்டை வடிவத் தண்ணீர். அதற்கும் எடை உண்டு, பூமி அதையும் கீழே இழுக்கிறது. ஆனாலும் அது கீழே போவதில்லை, மேலேயும் வருவதில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. அப்படியென்றால் யாரோ அதை ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். யார்? சுற்றியிருக்கிற தண்ணீர்தான். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் இல்லையா? முட்டையின் அடிப்பக்கம் தலைப்பக்கத்தை விட ஆழத்தில் இருப்பதால் கீழேயிருந்து வரும் அழுத்து மேலேயிருந்து வருவதை விடக் கொஞ்சம் அதிகம். அந்த மிச்சம்தான் மிதப்பு விசை. அது அந்த முட்டை வடிவத் தண்ணீரின் எடைக்குச் சரியாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது நிற்காது.

இப்போது அந்த இடத்துத் தண்ணீரை எடுத்துவிட்டு நிஜ முட்டையை வை. சுற்றியுள்ள தண்ணீருக்கு உள்ளே என்ன மாறியது என்று தெரியுமா? தெரியாது. முட்டையோ, ஈயக்குண்டோ, தேங்காயோ, அது முன்பு தந்த அதே தாங்கலைத்தான் தரும். தாங்கல் பொருளின் எடையை விடக் குறைவு என்றால் மூழ்கும், கூடுதல் என்றால் எழும்பும். ஆர்க்கிமிடிஸ் இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் கண்டது இவ்வளவுதான். என் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், பாம்பனில் வள்ளம் வைத்திருந்தார். புது வள்ளம் இறக்கினால் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எம்புட்டுத் தண்ணியத் தள்ளுது?"

ஏழாம் வகுப்பு மாணவன், கீழக்கரை:
"ஊசி மூழ்குகிறது, கப்பல் மிதக்கிறது. 'கப்பலுக்குள் காற்று இருக்கிறது, அது தூக்குகிறது' என்கிறான் என் அண்ணன். சரியா சார்?"

அண்ணன் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறான் தம்பி. காற்று தூக்காது. காற்று இடத்தை அடைக்கும், எடை போடாது, அவ்வளவுதான் அதன் வேலை. தூக்குவது வெளியே இருக்கிற தண்ணீர்.

உங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பிரியாணி தம் போடுகிற அலுமினிய தேக்சா இருக்கிறதே, 12 கிலோ எடையுள்ள ஒன்றை எடுத்துக்கொள். அதை உருக்கி ஒரே கட்டியாக்கினால் நாலரை லிட்டர் இடம்கூட அடைக்காது. நாலரை லிட்டர் தண்ணீரின் தாங்கல் நாலரைக் கிலோ. 12 கிலோவுக்கு எங்கே பற்றும்? கட்டி மூழ்கிவிடும். அதே உலோகம் தேக்சாவாக இருந்தால் 12 லிட்டர் தண்ணீரைத் தள்ளும் அளவுக்கு இறங்கியதும் நின்றுவிடும். மீதிப் பாத்திரம் தண்ணீருக்கு மேலே. அதற்குள் 35 கிலோ எடையுள்ள உன்னை உட்காரவைத்தால் 47 லிட்டர் தள்ளும் வரை இறங்கும், அப்புறம் நிற்கும். கணக்குப்படி நீ மிதப்பாய். ஆனால் ஏறிவிடாதே. தேக்சா உருண்டுவிடும். ஏன் என்று கீழே தேவிபட்டினத்துக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், படி.

காற்றறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மண்டபம் பக்கம் பாசி வளர்க்கிற பெண்கள் மூங்கிலில் சதுரமாகத் தெப்பம் கட்டிக் கடலில் மிதக்கவிட்டிருப்பார்கள். மூங்கிலில் கணுவுக்குக் கணு ஓர் அடைப்பு இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? எங்காவது ஒரு கணுவில் ஓட்டை விழுந்தால் அந்த ஓர் அறையில் மட்டும் தண்ணீர் புகும், மற்றதெல்லாம் பத்திரம். பெரிய கப்பலின் அடியில் குறுக்குச் சுவர் வைத்து அறை அறையாகத் தடுத்திருப்பதும் இதற்காகத்தான். மூங்கில் முந்திக்கொண்டது.

வத்தை என்னும் நாட்டுப்படகு வைத்திருக்கும் வாசகர், தேவிபட்டினம்:
"வெறும் வத்தையாகப் போகும்போது ஆட்டம் அதிகம். வலையும் மீனும் ஏறிவிட்டால் அடங்கி ஓடுகிறது. ஆனால் பையன்கள் இரண்டு பேர் எழுந்து நின்றால் கவிழப் பார்க்கிறது. பாரம் நல்லதா கெட்டதா, சொல்லுங்கள் வாத்தியாரே."

தம்பி, நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டிய விஷயத்தை என்னிடம் கேட்கிறீர்கள். பாரம் எவ்வளவு என்பதை விட அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம்.

வத்தையில் இரண்டு விசை வேலை செய்கிறது. மொத்த எடையும் ஒரு புள்ளி வழியாகக் கீழே இழுக்கிறது. தண்ணீரின் தாங்கல் இன்னொரு புள்ளி வழியாக மேலே தள்ளுகிறது. அந்த இரண்டாவது புள்ளி, வத்தை தள்ளியிருக்கிற தண்ணீரின் நடு. வத்தை நேராக இருக்கும்போது இரண்டும் ஒரே நேர்கோட்டில். இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் அதிகமாக முங்குகிறது, தாங்கலின் நடுவும் இடப்பக்கம் நகர்கிறது. எடையின் புள்ளி கீழே தாழ்ந்து இருந்தால், நகர்ந்துபோன தாங்கல் சாய்ந்த பக்கத்தைத் தூக்கி வத்தையை நிமிர்த்திவிடும். முன்பக்கத்து அணியத்திலோ பலகை மேலோ ஆள் எழுந்து நின்றால் எடையின் புள்ளி மேலே ஏறிவிடும். சாயும்போது அது தாங்கலையும் தாண்டி வெளியே போய்விடும். அப்புறம் நிமிர்த்த வேண்டிய அதே விசைகள் சேர்ந்து கவிழ்க்கும். வலையும் மீனும் அடித்தளத்தில் கிடப்பதால் புள்ளி தாழ்கிறது. அந்தக் காலத்தில் சரக்கு ஏற்றாமல் திரும்பும் தோணிகளில் அடியில் கல்லைப் போட்டுக்கொண்டு ஓடியதும் இதற்காகத்தான். கீழக்கரைத் தம்பியின் தேக்சா உருள்வதும் இதனால்தான். அகலம் குறைவு, உட்காருகிறவனின் எடையெல்லாம் மேலே.

பாரம் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டத்தில் உங்கள் வத்தையின் பரப்பு எட்டு சதுர மீட்டர் என்றால், 80 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். பத்து பேர் ஏறினால் பத்து சென்டிமீட்டர். திருவிழாவுக்குச் சொந்தபந்தத்தை ஏற்றும்போது விளிம்புக்கும் தண்ணீருக்கும் எத்தனை விரல் மிச்சம் என்று பாருங்கள். அலை வந்து அந்த மிச்சத்தைத்தான் கேட்கும்.

குடும்பத் தலைவி, பரமக்குடி:
"ராமேசுவரத்தில் தொட்டித் தண்ணீரில் மிதக்கிற கல்லைப் பார்த்தோம். கையால் அமுக்கினாலும் மேலே வருகிறது. கல் மிதக்குமா ஐயா?"

அம்மா, நானும் பார்த்திருக்கிறேன், அமுக்கியும் இருக்கிறேன். சேதுவைப் பற்றிய நம்பிக்கை உங்களுடையது, அதில் இந்த வாத்தியாருக்கு வேலை இல்லை. கல் மிதக்குமா என்ற கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தண்ணீர் கல்லைப் பார்ப்பதில்லை, கல்லுக்குள் இருக்கும் வெற்றிடத்தையும் சேர்த்து மொத்த அளவைத்தான் பார்க்கிறது.

எரிமலைக் குழம்பு நுரைத்து அப்படியே இறுகினால் நுரைக்கல் ஆகும். சோப்பு நுரை கண்ணாடியாக மாறியதுபோல, குமிழிக்குக் குமிழி மெல்லிய சுவர். பல நுரைக்கற்கள் லிட்டர் அளவுக்கு ஒரு கிலோகூட இருக்காது, அதனால் மிதக்கும். 1883இல் இந்தோனேசியாவில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது இப்படிப்பட்ட கற்கள் திட்டுத் திட்டாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போய் ஒதுங்கின.

நம் பக்கத்து ஆள் பவளக்கல். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கிற தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பூப்பூவாகத் துளை தெரியும். எங்கள் தாத்தா வீட்டுச் சுவரும் அந்தக் கல்தான். சுவர் இடிந்தபோது விழுந்த துண்டு ஒன்றை நன்றாகக் காயவைத்து வாளியில் போட்டேன். அரை நிமிஷம் கொப்புளம் கொப்புளமாகக் காற்றை விட்டது, அப்புறம் மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. பவளக்கல் பெரும்பாலும் அப்படித்தான், துளைகள் திறந்தவை, தண்ணீர் உள்ளே போய்விடும். உள்ளே அடைபட்ட அறைகள் அதிகமுள்ள லேசான துண்டு, அதுவும் நன்றாகக் காய்ந்தது, மிதப்பதுண்டு. பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கடலிலிருந்து பவளப்பாறையை உடைத்துவிடாதீர்கள். உயிருள்ள பிராணிகளின் வீடு அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பத்தாம் வகுப்பு மாணவி, பாம்பன்:
"மீன் நடுத்தண்ணீரில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்கிறதே, எப்படி?"

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மீன் கழுவும்போது வயிற்றுக்குள் வெள்ளையாக, பலூன் மாதிரி ஒன்று வருமே, அதுதான் காற்றுப்பை. கூறல் மீனின் பையை நெட்டி என்று தனியாக எடுத்துக் காயவைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்பது பாம்பன்காரியான உனக்குத் தெரியாததல்ல. சதையும் முள்ளும் கடல் தண்ணீரை விடக் கனம். பையில் தேவையான அளவு காற்றை வைத்துக்கொண்டு மீன் தன் மொத்தக் கணக்கைத் தண்ணீரோடு சமன்செய்துகொள்கிறது. உன்னைத் தண்ணீர் தாங்கும் அளவும் உன் எடையும் ஒன்றாகிவிட்டால் அந்த ஆழத்தில் துடுப்பை அசைக்காமல் நிற்கலாம்.

ஆனால் அந்தப் பை ஓர் ஆழத்துக்குப் பொருத்தப்பட்ட பை. 30 மீட்டர் ஆழம், அதாவது பதினாறு பதினேழு பாகம், அங்கே அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. அங்கிருந்து களவா மீனைத் தூண்டிலில் சடசடவென்று இழுத்தால் அழுத்தம் குறையக் குறையப் பையிலுள்ள காற்று நான்கு மடங்காக விரிய வேண்டும். மேலே வரும்போது கண் பிதுங்கி, இரைப்பை வாய்க்கு வந்து கிடக்கும். அதைத் திரும்பக் கடலில் விட்டாலும் கீழே போக முடியாமல் மேலேயே மல்லாந்து மிதக்கும்.

சங்கு குளிக்கிறவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு இறங்கும்போது முதல் சில பாகம் தண்ணீர் மேலே மேலே தள்ளும். அந்தக் காலத்தில் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியது அதற்காக. பத்து மீட்டர் போனால் நெஞ்சிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கிவிடும். உடம்பு தள்ளுகிற தண்ணீர் குறைகிறது, தாங்கலும் குறைகிறது, அதற்கப்புறம் கல் இல்லாமலேயே உடம்பு கீழே போகும். திரும்பி வரத்தான் பலம் வேண்டும்.

சுறாவுக்கு இந்தப் பை கிடையாது. அதற்குப் பதில் உடம்புக்குப் பொருந்தாத பெரிய ஈரல், அது நிறைய எண்ணெய். எண்ணெய் தண்ணீரை விட லேசு. ஆனாலும் முழுக்கப் பற்றாது, நீந்துவதை நிறுத்தினால் சுறா மெல்லக் கீழே இறங்கும். கணவாயின் ஏற்பாடு இன்னும் நேர்த்தி. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓட்டை, நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்பார்களே, அதை ஒடித்து வெயிலில் பிடித்துப் பார். ஏடு ஏடாக நுண்ணிய அறைகள். உயிரோடு இருக்கும்போது அந்த அறைகளில் தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் தன் எடையைக் கூட்டிக் குறைக்கும். நீர்மூழ்கிக் கப்பலின் தொட்டி செய்வதும் அதே வேலை.

கடைசியாக நம் ஆவுளியா. கடல்பசு என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அது நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பிராணி, உடம்பில் கொழுப்பும் உண்டு. சும்மா இருந்தால் மேலே மிதக்கும். ஆனால் அதன் சாப்பாடு அடித்தரையில் முளைத்த கடற்புல். என்ன செய்யும்? அதன் விலா எலும்பு உள்ளே கூடு இல்லாமல் கெட்டியாக, கல் மாதிரி கனமாக இருக்கும். தேவிபட்டினத்துக்காரருக்குச் சொன்ன அந்தத் தோணிக் கல்லை ஆவுளியா எலும்பிலேயே போட்டுக்கொண்டிருக்கிறது. நுரையீரலும் நெஞ்சோடு நின்றுவிடாமல் முதுகை ஒட்டி நீளமாகப் போகும், அதனால் தலைகுப்புறக் கவிழாமல் படுத்தவாக்கில் மேயும்.

விசைப்படகுத் தொழிலாளி, மண்டபம்:
"ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிறோம். எல்லாம் உருகித் தண்ணீராகிவிட்டால் போட் இன்னும் இறங்குமா?"

இறங்காது. ஒரு டன் ஐஸ் உருகினால் ஒரு டன் தண்ணீர், எடை மாறவில்லை. ஆனால் ஐஸ் கிடந்த இடத்தில் கிடக்கும், உருகிய தண்ணீர் போட் சாய்கிற பக்கமெல்லாம் ஓடும். ஓடினால் சாய்வு இன்னும் கூடும். பம்பு போட்டு இறைத்துவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி, பெரியபட்டினம்:
"என் வாப்பா கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பிய படத்தில் கப்பலின் பக்கத்தில் ஒரு வட்டமும் ஏணிப்படி மாதிரி கோடுகளும் இருக்கின்றன. அவை என்ன?"

பாரக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறும்படி சரக்கு ஏற்றக் கூடாது. பேராசைக்காரக் கப்பல் முதலாளிகள் அளவில்லாமல் ஏற்றி மாலுமிகளைச் சாகடித்த காலத்தில், சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடி 1876இல் சட்டம் கொண்டுவரச் செய்தார். அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை: கோடு போட்டே ஆக வேண்டும் என்றது, ஆனால் எங்கே போடுவது என்பதை முதலாளியிடமே விட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய மேலும் பல வருஷம் ஆனது.

ஒரு கோடு போதாதா, ஏன் ஏணி? தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. தூத்துக்குடியில் எட்டு மீட்டர் முங்கி நிற்கிற கப்பல், ஹூக்ளி ஆற்றுக்குள் நுழைந்து கொல்கத்தா போனால் அங்கே நல்ல தண்ணீர், தாங்கல் குறைவு, ஏறக்குறைய ஒரு சாண் கூடுதலாக இறங்கிவிடும். ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு கோடு, வெப்பக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. அடுத்த முறை பேசும்போது, எந்தக் கோட்டுக்கு என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று வாப்பாவிடமே கேட்டு எனக்கு எழுது.

ஆசிரியர், முதுகுளத்தூர்:
"ஆர்க்கிமிடிஸ் தொட்டியிலிருந்து 'யுரேகா' என்று கத்திக்கொண்டு ஓடிய கதை நிஜமா?"

அவர் எழுதிக் கிடைத்த நூல்களில் அந்தக் கதை இல்லை. சுமார் இருநூறு வருஷம் கழித்து விட்ருவியஸ் என்ற ரோமானியர் எழுதியது. கதையில் வருகிறபடி, வழிந்த தண்ணீரை அளந்து, அரசனின் தங்கக் கிரீடத்தில் வெள்ளி கலந்த கள்ளத்தைப் பிடிப்பதும் லேசல்ல. ஒரு கிலோ சுத்தத் தங்கக் கிரீடம் 52 மில்லி தள்ளும். அதில் 300 கிராம் வெள்ளி கலந்தால் 65 மில்லி. இருபது சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தில் இந்த 13 மில்லி, அரை மில்லிமீட்டர் உயரம்கூட வராது. தராசின் ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் அதே எடைத் தங்கம், இரண்டையும் தண்ணீருக்குள் இறக்கினால் 13 கிராம் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அப்படித்தான் செய்திருப்பார் என்று 1586இல், இருபத்திரண்டு வயதில், கலிலியோ எழுதினார். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. வகுப்பில் நான் இரண்டையும் சொல்வேன். தொட்டிக் கதையை விட்டால் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள்.

ஆறாம் வகுப்பு மாணவன், ஏர்வாடி:
"உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?"

தெரியும் தம்பி. கற்றுக்கொண்ட விதம்தான் நன்றாக இல்லை. பத்து வயசில் அப்பாவின் வள்ளத்திலிருந்து தவறி விழுந்தேன். எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன், இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்தினேன். உடனே முங்கிவிட்டேன்.

ஏன் என்று காலேஜ் போன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சு நிறைய மூச்சு இருந்தால் பெரும்பாலோர் உடம்பு கடல் தண்ணீரை விடச் சற்றே லேசு. 60 கிலோ ஆளுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ அளவுக்கு உடம்பு வெளியே இருக்கலாம், அதற்கு மேல் தண்ணீர் தாங்காது. தலை மட்டுமே நாலு கிலோவுக்கு மேல். இரண்டு கையும் சேர்ந்தால் ஆறு கிலோ. கையை வெளியே தூக்கினால் அந்த அளவுக்குத் தள்ளிய தண்ணீர் போய்விடுகிறது, பதிலுக்கு வேறு எதையாவது உள்ளே இறக்கியாக வேண்டும். இறங்குவது மூக்கும் வாயும். கத்தினால் மூச்சும் காலி, நெஞ்சு சுருங்குகிறது, அதுவும் நஷ்டம். கை இரண்டும் தண்ணீருக்குள், தலை பின்னால் சாய்ந்து காது வரை முங்கி, முகம் மட்டும் வெளியே. அந்த இரண்டரைக் கிலோவை முகத்துக்குச் செலவழிக்க வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது இடுப்பளவுத் தண்ணீரில் பழகிப் பார், தனியாகப் போகாதே, அரிச்சல்முனைப் பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே நீரோட்டம் இழுத்துவிடும்.

அன்றைக்கு அப்பா வள்ளத்தில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "கையத் தண்ணிக்குள்ள வைடா, மல்லாக்கப் படுடா!" எங்கே கேட்டது? கடைசியில் முடியைப் பிடித்துத்தான் தூக்கிப் போட்டார். இன்றைக்கு விழுந்தால் அந்த வசதியும் இல்லை.